அடுத்தவர் பலகையில் பட்ட ரவை

வரலாற்றுப் பாடத்தில் யுத்தங்களைப் பற்றி நாம் நிறையவே படிப்பிக்கிறோம். எந்த ஆண்டு நடந்தது, யார் வென்றார், எந்த இடத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தானது என்று பிள்ளைகளும் பாடமாக்கி எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு விளையாட்டின் சட்டம் எப்படிப் பிறந்தது என்று நாம் கேட்பதுமில்லை, சொல்லிக்கொடுப்பதுமில்லை. இன்று அப்படியொரு சட்டத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறோம். ரைபிளால் குறிபார்த்துச் சுடும் போட்டியின் சட்டம் அது.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மனம் சுருங்கும். சோதனைச் சாவடி, ஊரடங்கு, இரவில் தூரத்தில் கேட்ட வெடிச்சத்தம் என்றுதான் நம் தலைமுறைக்கு அது அறிமுகமானது. அப்படிப்பட்ட பொருளை வைத்துக்கூட நீதியாக ஒரு விளையாட்டை நடத்த முடியும் என்றால், அந்த நீதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நமக்குத்தான் அதிகம் தேவை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். 1859ஆம் ஆண்டு பிரான்ஸ் படையெடுத்து வந்துவிடுமோ என்ற அச்சம் அந்த நாட்டில் பரவியிருந்தது. கடைக்காரரும் எழுதுவினைஞரும் சட்டத்தரணியும் தொண்டர் படைகளில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களுக்குச் சுடத் தெரியவேண்டுமே! அதற்காக அதே ஆண்டு தேசிய ரைபிள் சங்கம் உருவானது. மறுவருடம், 1860 ஜூலை 2ஆம் திகதி, லண்டனுக்கு அருகே விம்பிள்டன் வெளியில் முதலாவது போட்டி தொடங்கியது. பின்னாளில் அந்த வெளியைச் சுற்றி வீடுகள் பெருகியதால் 1890இல் போட்டி பிஸ்லி என்ற இடத்துக்கு மாறியது. இன்றும் அங்கேதான் நடக்கிறது.

அந்த முதல் நாளில் முதல் வெடியை வைத்தவர் விக்டோரியா மகாராணி. 400 யார் தூரத்தில் இலக்கு. விட்வர்த் ரைபிள் ஒன்றை இரும்புத் தாங்கியில் அசையாமல் பொருத்தி, முன்கூட்டியே குறிபார்த்து வைத்திருந்தார்கள். மகாராணி செய்ததெல்லாம் விசையில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை இழுத்ததுதான். ரவை இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத் தூரத்தில் பட்டது. கூட்டம் ஆரவாரித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மகாராணிக்கு அன்று கிடைத்த தாங்கி போட்டியாளர் எவருக்கும் கிடையாது. இந்த விளையாட்டின் ஆதார விதியே அதுதான். துப்பாக்கியை உன் உடல் தாங்கவேண்டும். மேசையோ, சுவரோ, மண்மூட்டையோ தாங்கக்கூடாது. இன்றுவரை உலகெங்கும் இந்தப் போட்டிகளின் அடித்தளம் இந்த ஒரு விதிதான். உடலால் எப்படியெல்லாம் தாங்கலாம் என்பதை வரையறுக்கப் போய்த்தான் நின்ற நிலை, முழங்கால் நிலை, படுத்த நிலை என்ற மூன்றும் சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தன.

மூன்றும் போர்க்களத்திலிருந்து வந்தவை. பழைய துப்பாக்கிகளில் மருந்தையும் ரவையையும் குழாயின் வாய் வழியாகப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கவேண்டும். படுத்துக்கொண்டு அதைச் செய்வது பெரும்பாடு. அதனால் சிப்பாய் நின்றே சுட்டான். பின்பக்கத்தால் ரவை போடும் துப்பாக்கிகள் வந்த பிறகு நிலத்தோடு நிலமாகப் படுத்துச் சுடுவது இலகுவானது. போட்டிகளிலும் குறைந்த தூரத்துக்கு நின்று சுடு, தூரம் கூடினால் தாங்கி இல்லாமல் எந்த நிலையிலும் சுடு என்ற வழக்கம் வந்தது. "எந்த நிலையிலும்" என்று எழுதியதும் சிலர் மல்லாந்து படுத்து, காலை மடக்கி, காலின் மேல் குழாயை வைத்துச் சுடத் தொடங்கினார்கள். பார்ப்பவர்கள் சிரித்தார்கள். ஆனால் ரவை நடுவிலே போய்ப் பட்டது. சட்டத்தில் தடை இல்லை, ஆகவே அனுமதி.

இன்றைய ஒலிம்பிக் போட்டியில் 50 மீற்றர் ரைபிளுக்கு மூன்று நிலைகளும் உண்டு. மல்லாந்த நிலைக்கு அங்கே இடமில்லை. சட்டங்கள் எவ்வளவு நுணுக்கமானவை என்று பாருங்கள். முழங்கால் நிலையில் ஒரு பாதத்தின் விரல் நுனி, அதே காலின் முழங்கால், மற்றப் பாதம் ஆகிய மூன்று மட்டுமே நிலத்தைத் தொடலாம். முழங்காலில் ஊன்றும் முழங்கை, முழங்கால் நுனியிலிருந்து முன்னே 10 சென்ரிமீற்றருக்கோ பின்னே 15 சென்ரிமீற்றருக்கோ மேல் விலகக்கூடாது. படுத்த நிலையில் முன்கை நிலத்தோடு அமைக்கும் கோணம் 30 பாகைக்குக் குறையக்கூடாது. நின்ற நிலையில் தோள்வாரைக் கையில் சுற்றிப் பிடிக்க அனுமதி இல்லை. மேற்சட்டையின் துணி ஒரு படையில் 2.5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் விறைப்பான சட்டையே உடலுக்குத் தாங்கியாகிவிடும். 50 மீற்றருக்கு அப்பால் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 10.4 மில்லிமீற்றர்தான்.

இவ்வளவும் எதற்காக? துப்பாக்கியைப் பிடித்திருப்பது அந்த மனிதர்தான் என்பதை உறுதிசெய்யத்தான். ஆனால் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. குழாயை விட்டு வெளியேறிய பிறகு அந்த ரவை யாருடையது? அது போய்ச் சேர்ந்த இடத்துக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வி ஒரு சரித்திரப் புகழ்பெற்ற போட்டியையே தீர்மானித்தது.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையினர் பலருக்கு ஒழுங்காகக் குறிபார்க்கவே தெரியாதிருந்ததை அதிகாரிகள் கண்டார்கள். அந்த அனுபவத்தோடு ஜோர்ஜ் விங்கேட், வில்லியம் சேர்ச் போன்றவர்கள் 1871இல் அமெரிக்காவிலும் ஒரு தேசிய ரைபிள் சங்கத்தை ஆரம்பித்தார்கள். நியூயோர்க்கின் லோங் ஐலன்டில் கிரீட் என்ற குடும்பத்தாரின் பண்ணை நிலம் வாங்கப்பட்டு, கிரீட்மோர் என்ற பெயரில் 1873இல் சுடுகளம் திறக்கப்பட்டது.

அதே 1873இல் அயர்லாந்து அணி விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்றிருந்தது. அந்த உற்சாகத்தில் அதன் தலைவர் ஆர்தர் லீச், அமெரிக்காவின் ரைபிள்காரர்களுக்குப் பத்திரிகை மூலம் சவால் விட்டார். சவாலை ஏற்றது நியூயோர்க்கின் அமெச்சூர் ரைபிள் கழகம். பெயரே சொல்வதுபோல, சுடுவதைத் தொழிலாகக் கொள்ளாத ஆட்கள். நீண்ட தூரம் சுட்டுப் பழக்கமும் அவர்களுக்குப் பெரிதாக இல்லை.

நிபந்தனைகள் எழுத்தில் இருந்தன. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 யார் என மூன்று தூரங்கள். ஒவ்வொரு தூரத்திலும் ஒருவருக்கு 15 வெடிகள். எந்த நிலையிலும் சுடலாம், செயற்கைத் தாங்கி கூடாது. ஒவ்வொரு அணியும் தன் நாட்டில் செய்த ரைபிளையே பாவிக்கவேண்டும். அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி ரவை போடும் றிக்பி ரைபிள்களோடு வந்தார்கள். அமெரிக்கர்கள் பின்வழி ரவை போடும் றெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்களோடு நின்றார்கள். தூரத்துக்கு வாய்வழித் துப்பாக்கியே சிறந்தது என்பதுதான் அந்தக் காலத்து நிபுணர்களின் நம்பிக்கை.

1874 செப்டெம்பர் 26. ஆயிரக்கணக்கான மக்கள் கிரீட்மோருக்குத் திரண்டு வந்தார்கள்.

இலக்கு என்பது 12 அடி அகலமும் 6 அடி உயரமும் கொண்ட இரும்புப் பலகை. பெரிதுதானே என்று தோன்றும். 1000 யார், அதாவது 914 மீற்றர் தூரத்திலிருந்து பார்த்தால், கையை நீட்டிப் பிடித்த அரைத்துண்டு அரிசி அளவுக்குத்தான் அது தெரியும். அப்படிப்பட்ட பலகைகள் வரிசையாக நிற்கும். நடுச்சதுரத்தில் பட்டால் 4 புள்ளி. அதற்கு வெளியே போகப்போக 3, 2. ரவை பட்ட இடத்தைப் பலகை அருகே பதுங்கியிருக்கும் ஆள் வட்டத் தட்டைத் தூக்கிக் காட்டுவார்.

800 யாரில் அமெரிக்கா 326, அயர்லாந்து 317. அமெரிக்காவின் ஹென்றி ஃபுல்டன் மல்லாந்து படுத்துச் சுட்டார். அன்று எல்லோரையும் விட அதிகம் எடுத்தவரும் அவர்தான், 180க்கு 171. 900 யாரில் அயர்லாந்து 312, அமெரிக்கா 310. 1000 யாரில் அயர்லாந்து இன்னும் நெருங்கியது. கடைசியில் ஒரேயொரு வெடி மிச்சம். அயர்லாந்து சுட்டு முடித்து 931இல் நின்றது. அமெரிக்கா 930.

கடைசி வெடி ஜோன் பொடைன் என்பவருடையது. சற்று முன்னர்தான் தாகத்துக்கு அருந்த எடுத்த இஞ்சிச் சோடாப் போத்தல் வெடித்து அவருடைய கையைக் கிழித்திருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தார். சுட்டார். ரவை அவ்வளவு தூரமும் போய் இரும்பில் பட்டு, தட்டு மேலே எழும்பும் வரை அத்தனை கூட்டமும் மூச்சுப் பிடித்து நின்றது. நடுச்சதுரம். 4 புள்ளி. அமெரிக்கா 934, அயர்லாந்து 931.

பொடைனின் இரத்தம் வடிந்த கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். இன்றும் அந்தக் கதைதான் சொல்லப்படுகிறது. ஆனால் வரலாற்று ஆசிரியர்களாகிய நாம் இன்னொரு வெடியையும் பார்க்கவேண்டும். அன்று அயர்லாந்து அணியின் மில்னர் சுட்ட ரவைகளில் ஒன்று மிகச் சரியாக நடுச்சதுரத்தில் பட்டது. ஆனால் அது அவருடைய பலகை அல்ல. வேறு பலகை. கணக்கில் பூச்சியம் என்று எழுதப்பட்டது.

கூட்டிப் பாருங்கள். 931உடன் 4. மொத்தம் 935. அந்த ஒரு ரவை சொந்தப் பலகையில் பட்டிருந்தால் அயர்லாந்து ஒரு புள்ளியால் வென்றிருக்கும்.

குறி தப்பவில்லை. கை நடுங்கவில்லை. 4 புள்ளிக்குரிய அத்தனை திறமையும் அந்த வெடியில் இருந்தது. ஆனாலும் பூச்சியம்தான். மூன்று புள்ளித் தோல்வியோடு அயர்லாந்து அணி ஊர் திரும்பியது. லீச் தன் பெயரில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை அந்த அமெரிக்கக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டே போனார். மறுவருடம் டப்ளினுக்கு அருகே டொலிமவுண்டில் மறுபோட்டி நடந்தது. 967க்கு 929 என்று அமெரிக்கா அங்கேயும் வென்றது.

இனி 130 ஆண்டுகளைத் தாண்டி வருவோம். 2004 ஓகஸ்ட் 22, ஏதென்ஸ் ஒலிம்பிக். 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மத்தியூ எமன்ஸ் சில நாட்களுக்கு முன்னர்தான் படுத்த நிலைப் போட்டியில் தங்கம் வென்றிருந்தார். அதுவும் எப்படி? ஒலிம்பிக்குக்கு முன்னர் யாரோ அவருடைய ரைபிளைச் சேதப்படுத்திவிட, சக வீராங்கனை ஒருவரிடம் இரவல் வாங்கிய ரைபிளால் வென்ற தங்கம் அது. இந்த இரண்டாவது போட்டியிலும் கடைசி வெடிக்கு முன் அவர் 3 புள்ளி முன்னால் நின்றார். நின்ற நிலையில் சுமாரான ஒரு வெடி வைத்தாலே தங்கம் உறுதி.

அவர் இரண்டாம் இலக்க இடத்தில் நின்றார். சுட்டார். திரையில் புள்ளி எதுவும் வரவில்லை. இயந்திரக் கோளாறு என்று நினைத்து மத்தியஸ்தர்களைக் கூப்பிட்டார். பக்கத்தில், மூன்றாம் இலக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் ஒஸ்திரியாவின் கிறிஸ்டியன் பிளானர். அவருடைய பலகையில் ஒரு ரவை கூடுதலாக விழுந்திருந்தது. மத்தியஸ்தர்கள் கூடிப் பேசி முடிவைச் சொன்னார்கள். பூச்சியம். எமன்ஸ் முதலாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு, அதாவது கடைசிக்குப் போனார். தங்கம் சீனாவின் ஜியா சான்போவுக்கு.

வழக்கமாக எமன்ஸ் முதலில் பலகையின் மேலுள்ள இலக்கத்தைப் பார்த்து, பின்னர் குழாயைக் கீழே இறக்கிக் குறிபார்ப்பார். அந்தக் கடைசித் தடவை மனதை அமைதிப்படுத்துவதிலேயே கவனமாக இருந்ததால் இலக்கத்தைப் பார்க்கவில்லை என்று அவரே பிறகு சொன்னார்.

பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்த ஆசிரியர்கள் இதை வாசிக்கும்போது கட்டாயம் ஒன்றை நினைப்பீர்கள். நான்காம் வினாவுக்கு அருமையாக விடை எழுதிவிட்டு ஐந்து என்று இலக்கமிடும் பிள்ளை. முழுத்தாளையும் நிரப்பிவிட்டுச் சுட்டெண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதும் பிள்ளை. விடை சரிதானே சேர் என்று அது கேட்கும்போது நமக்கும் தொண்டை அடைக்கும்.

இந்தச் சட்டம் கொடுமையானது என்று முதல் பார்வையில் தோன்றுவது இயல்பு. நாமும் அதன் மறுபக்கத்தை வாசித்த பிறகுதான் அதன் நியாயம் பிடிபடுகிறது. சர்வதேசச் சட்டப் புத்தகம் சொல்வது இதுதான். அடுத்தவர் பலகையில் சுட்டால், சுட்டவருக்குப் பூச்சியம். யாருடைய பலகையில் அந்நிய ரவை விழுந்ததோ அவருக்கு எந்த நட்டமும் வரக்கூடாது. எது அவருடைய ரவை, எது அந்நிய ரவை என்று பிரித்தறிய முடியாவிட்டால், இரண்டில் கூடிய புள்ளியை அவருக்கே கொடுக்கவேண்டும். தன் பலகையில் தான் சுடாத ரவை விழுந்தால் உடனே அறிவிக்கும் கடமை அவருக்கும் உண்டு.

அதாவது, சந்தேகத்தின் பலன் பாதிக்கப்பட்டவருக்கு. விளைவின் சுமை சுட்டவருக்கு. சுட்டவர் உலகச் சம்பியன் என்றாலும், வேண்டுமென்று செய்யவில்லை என்றாலும் இதில் மாற்றம் இல்லை. கிரீட்மோரில் இருந்த விதிதான் ஏதென்ஸிலும் இருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மூன்று தசாப்தங்களாக நம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த இரண்டு சொற்றொடர்கள் உங்களுக்கு நினைவிருக்கும். "இரு தரப்பு மோதலில் சிக்கி" என்பது ஒன்று. "இனந்தெரியாத ஆயுததாரிகள்" என்பது மற்றது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எந்த ஊரை எடுத்தாலும் இந்த இரண்டு சொற்றொடர்களுக்குள் புதைந்துபோன பெயர்கள் உண்டு. ரவை பட்ட இடம் எல்லோருக்கும் தெரியும். அது யாருடைய ரவை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அல்லது தெரிந்தும் எழுதப்படாது.

ஒரு விளையாட்டில், வெறும் காகிதத்திலும் இரும்பிலும் துளை போடும் விளையாட்டில், இனந்தெரியாத ரவை என்று ஒன்றை அனுமதிக்க மாட்டார்கள். ஒரு துளை அதிகமாகத் தெரிந்தால் போட்டியை நிறுத்தி, எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள். நிறுத்து என்ற கட்டளை வந்த கணத்தில் அத்தனை பேரும் நிறுத்தவேண்டும். சுடாத நேரத்தில் ரைபிளுக்குள் ரவை இல்லை என்று காட்ட, செம்மஞ்சள் நிறக் கொடியொன்றை ரவைக்கூட்டில் செருகி வைக்கவேண்டும். குழாயின் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே பார்க்கவேண்டும். மனித உயிர்கள் பலியான இடங்களில் இந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்காவது இருந்திருந்தால் என்று நாம் நினைப்பதில் தவறில்லை.

துப்பாக்கியைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அது நம் நோக்கமே அல்ல. உன் கையை விட்டுப் போனதற்கு நீதான் பொறுப்பு என்ற பாடத்தைச் சொல்ல இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. கையை விட்டுப் போவது ரவையாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. வாய் விட்டுப் போன சொல், விசாரிக்காமல் பகிர்ந்த ஒரு செய்தி, யாருடையதோ என்று தெரியாமல் பரப்பிய ஒரு படம், எல்லாமே போய் யாரோ ஒருவரின் பலகையில்தான் விழுகின்றன. 'நான் வேண்டுமென்று செய்யவில்லை' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் துளை விழுந்தது விழுந்ததுதான்.

எமன்ஸின் மிச்சக் கதையையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் இது பாதிப் பாடம். ஏதென்ஸில் அந்தத் தோல்விக்குப் பிறகு அவரிடம் வந்து ஆறுதல் சொன்னவர்களில் ஒருவர் செக் நாட்டு வீராங்கனை கத்தரீனா குர்கோவா. 2007இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எமன்ஸ் அதே போட்டியில் மீண்டும் கடைசி வெடிவரை முன்னணியில் நின்றார். இம்முறை தன் பலகையில்தான் சுட்டார். ஆனால் கை முந்திவிட்டது. கிடைத்தது 4.4 புள்ளி. நான்காம் இடம். அதற்கும் பிறகு 2012இல் லண்டனுக்குப் போனார். அதே மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

பூச்சியத்தை யாரும் அழித்துக் கொடுக்கவில்லை. அதை மாற்றச் சொல்லி அவர் உலகத்தோடு சண்டை போடவுமில்லை. நான்கு ஆண்டுகள், பிறகு இன்னும் நான்கு ஆண்டுகள் என்று அதே கோட்டுக்குத் திரும்பி வந்து நின்றார். சட்டம் அவருக்குப் பூச்சியம் கொடுத்தது. ஆனால் திரும்பி வரும் வழியை அடைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தண்டனை கொடுக்கும் நாமும், பெறுபேறு வந்ததும் வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெற்றோரும் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிப்பது நல்லது.

வசதிப்பட்டால் அடுத்த பாடவேளையில் இந்த இரண்டு போட்டிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். மில்னரின் வெடிக்குப் புள்ளி கொடுத்திருக்கவேண்டுமா, கூடாதா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்க விடுங்கள். கொடுத்திருக்கவேண்டும் என்று வாதாடும் பக்கத்தைப் பார்த்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "அந்தப் பலகை உன்னுடையதாக இருந்திருந்தால்?"

அவர்கள் சொல்லும் பதிலை இங்கே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வாசிக்க ஆவலாக இருக்கிறோம்.